நாற்பத்தாறும் நாற்பத்தேழும்

நாற்பத்தைந்துக்கு அப்புறம் நாற்பத்தெட்டு வந்தது. நான்தான் ஒரு தாளைப் புரட்டாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்து, தாளின் மேல் அழுத்தியிருந்த கண்ணாடியைத் தூக்கி மறுபடி பார்த்தேன். புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. விரலால் தடவினால் அந்த ஒரு தாள் மட்டும் அட்டை மாதிரி தடித்திருந்தது. இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் மாதா கோயிலின் வெள்ளிவிழாப் புத்தகம் அது, 1951இல் அச்சடித்தது. இந்த வருடம் நூறாவது ஆண்டு விழாவாம், மறுபடி அச்சடிக்கப் போகிறார்கள். ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தவள் என்பதால், ஸ்கேன் செய்து எழுத்தாக்கித் தரும் வேலையை விழாக் கமிட்டித் தலைவர் ஜூலியன் என்னிடம் கொடுத்திருந்தார். என் தொழிற்சாலை பெரிசு. தாளை அழுத்திப் பிடிக்க உடைந்த ஷோகேஸின் கண்ணாடி, உயரத்துக்கு ஒரு முக்காலி, அதில் கட்டிய செல்போன், பத்து மணிக்கு மேல் ஜன்னலில் வரும் வெளிச்சம். படம் எடுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் படித்துவிடும். பழைய அச்சில் அது தடுமாறும் இடங்களை நான் உட்கார்ந்து திருத்துவேன்.

ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருந்தது. மைதா பசை. ஜெராக்ஸ் கடைக்காரிக்கு இது தெரியாதா? இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றி, அந்தத் தாள்களை மட்டும் ஆவியில் காட்டினேன். சேதராப்பட்டுக் கம்பெனியில் அந்த வாரம் மத்தியான ஷிப்ட் என்பதால் என் வீட்டுக்காரர் அந்தோணி வீட்டில்தான் இருந்தார்.

"இன்னாடி, புக்க வேக வெக்கிற?"

"ஒட்டிக்கினு இருக்கு. பிரிக்கிறேன்."

நாற்பத்தாறாம் பக்கத்தில், கோயில் கட்டக் கல் சுமந்த தென்தெருக்காரர்கள் முப்பத்தொரு பேரின் பெயர்கள். தென்தெரு எங்கள் தெரு. பதினாலாவது பெயர் சவரிமுத்து, என் அப்பாவின் தாத்தா. நாற்பத்தேழில், வழிபாட்டு ஒழுங்குக்காகக் கோயில் நடுவே இடுப்பளவு சுவர் எழுப்பி, வடபக்கம் மேல்சாதியாருக்கும் தென்பக்கம் தென்தெருவாருக்கும் ஒதுக்கியதாக எழுதியிருந்தது. "அச்சுவருக்கும் மேற்படி தென்தெருவாரே கூலியின்றிக் கல் சுமந்தனர்." கீழே அன்றைய கமிட்டித் தலைவரின் பெயர். ஜூலியனின் தாத்தா.

தன்னைத் தள்ளி வைக்கிற சுவருக்குத் தானே கல் சுமந்திருக்கிறார் சவரிமுத்து. அதைப் பெருமையாக அச்சடித்தபோது யாருக்கும் வெட்கமில்லை. பிற்பாடு சுவரை இடித்தபோது வெட்கம் வந்து, சுவரோடு எங்கள் ஆட்களின் பெயரையும் ஒட்டி மூடிவிட்டார்கள்.

அந்தோணி இரண்டு பக்கத்தையும் படித்தார். "சிந்தியாவுக்கு மூணாவது ஓல இந்த ஞாயித்துக்கெழம. கல்யாணம் முடியட்டும் ரோசா. இத்தினி வருசம் கெடந்தது, இன்னும் ஒரு மாசம் கெடக்கட்டும்" என்றார். ஓலை என்றால், மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வது. எங்கள் மகளுக்கு இரண்டு முடிந்திருந்தது.

மிச்சப் பக்கங்களையும் அன்றே படம் எடுத்து முடித்தேன். அன்றன்று முடித்த பக்கங்களைச் சாயந்தரம் கமிட்டிக்கு அனுப்புவது வழக்கம். அன்றும் அனுப்பினேன், நாற்பத்தாறு, நாற்பத்தேழின் படத்தையும் சேர்த்து.

மறுநாள் காலையிலேயே ஜூலியன் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்குகிறவருக்கே உரிய நிதானம். ஐயா என்பதற்குப் பதில் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம்.

"அந்த ரெண்டு பக்கம் வாணாம் ரோசா. நல்ல நாளு அதுவுமா எதுக்கு?"

"எங்க ஆளுங்க பேரு இருக்குதே முசியே."

"பேரெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும்மா." புத்தகத்தை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். "பொண்ணுக்கு மூணாவது ஓல ஞாயித்துக்கெழமதான? யாரும் தட சொல்லாம நல்லபடியா முடியட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த சிந்தியா வெளியே வந்து என் செல்போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"தெரு குரூப்ல போடும்மா. அதுக்காவ ஓல நின்னா நிக்கட்டும்."

அவர் பார்க்கப் பார்க்கவே இரண்டு பக்கத்தின் படத்தையும் போட்டேன்.

மத்தியானத்துக்குள் தெருவே எங்கள் வாசலில் நின்றது. பசை மையைத் தின்றிருந்ததால் கம்ப்யூட்டர் முப்பத்தொன்றில் ஒன்பது பெயரைத்தான் படித்திருந்தது. மற்றதெல்லாம் பாதி எழுத்தும் புள்ளியும். மிச்சத்தைத் தெரு படித்தது. ஆரோக்கியம் எங்க தாத்தாவோட அப்பா என்றார் ஒருவர். அதுக்குக் கீழ ஞானம்மா, எங்க வூட்டு ஆளு என்றாள் எதிர்வீட்டுக்காரி. கடைசி இரண்டு பேர் யாருக்கும் தெரியவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, அந்தோணிதான் படித்துச் சொன்னார். அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. முப்பத்தொன்றையும் அடித்து, கமிட்டிக்குப் புத்தகத்தின் முழு ஃபைலையும் அனுப்பினேன். ஒரு பக்கம் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலில் சுவர் இருந்த இடத்தில் மட்டும் தரை ஓடு வேறு நிறம். அந்தக் கோட்டுக்குத் தென்புறம்தான் நாங்கள் உட்காருவோம். யாரும் சொல்வதில்லை, கால் தானாக அங்கே போகும். அன்று நான் கோட்டைத் தாண்டி, ஜூலியனுக்கு நேர் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சிந்தியா ஒருபக்கம், அந்தோணி ஒருபக்கம். வடபக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். பின்னால் சலசலப்பு கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியார் ஓலையை எடுத்தார். அந்தோணி, ரோசா ஆகியோரின் மகள் சிந்தியா என்று வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்துத் தலையை நிமிர்த்தினார்.

ஜூலியன் எழுந்தார்.

பேசத்தானா, வெளியே போகத்தானா, தெரியவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நானும் எழுந்தேன். அவர் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால், தென்புறத்தில் எங்கள் தெருக்காரர்கள் எழ, ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசையாக, கதவு வரைக்கும்.