நாலாவது எலுமிச்சம்பழம்

…மூன்று நசுங்கிவிட்டன, நாலாவது மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் நோரிஸ் ரோட்டுப் பின்சந்தில் முழுசாகக் கிடக்கிறது, தப்பு பழத்திலா, சக்கரத்திலா? நல்ல நேரம் பார்த்துத்தான் வைத்தார் தனசேகரன், புது வண்டியின் நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு பழம், கனம் வேண்டுமென்று தானே மேலே ஏறித் தேரில் நிற்பதுபோல் நின்றார், பக்கத்துச் சைக்கிள் கடை ரவூப் கயிற்றைப் பிடித்து இழுத்தார், மூன்று பழம் பச்சக்கென்று போயின, நாலாவதைச் சக்கரம் சும்மா ஒதுக்கித் தள்ளியது, தள்ளாமல் என்ன செய்யும், அது தரையைத் தொட்டால்தானே… ஒரு விரல் நுழையும் இடைவெளி. "அண்ணே, மூணு சக்கரம் போதும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா, நாலாவதை வித்திருப்பேன்," என்றார் ரவூப். சக்கரங்கள் அவர் கொடுத்தவை, யாரோ ஒரு துரை வீட்டுக் குழந்தை வண்டியில் ஓடியவை. அதற்காகத் தள்ளுவண்டி என்று சொல்லிவிடுவதா, தான் கட்டிய படகை ஆற்றுக்கு உருட்டிப்போகும் இந்தச் சாதனத்துக்கு 'மரக்கல ஊர்தி' என்று வெள்ளோட்ட அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. நாளை ஞாயிறு காலை பத்து மணி, காலாங் ஆற்றங்கரை, தமிழ் மன்றத் தலைவர் பாலகிருஷ்ணன் மாலையோடு வருவார், சுயாட்சி பெற்ற சிங்கப்பூரில் தன் கையாலேயே படகு கட்டிய தமிழர், அதில் முதலில் அமரப்போவது அவர் துணைவியார் கண்மணி அம்மையார்… மன்ற மேடையில் அப்படி ஏன் சொன்னார் தனசேகரன்? கைதட்டினார்கள், அதனால் சொன்னார். கண்மணிக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது, அதற்குக் கைதட்ட மாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை.

எந்தச் சக்கரம் குட்டை? இதை அமுக்கினால் எதிர்மூலை எழும்புகிறது, அதை அமுக்கினால் இது எழும்புகிறது, நாலும் சரி, நாலும் தப்பு, சந்துதான் கோணலோ, முனிசிபாலிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன… வண்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில், செய்த இடத்திலேயே வைத்துப் பார்த்தார், அடடா, நாலு சக்கரமும் அம்மி மாதிரி அசையாமல் உட்கார்ந்தன. அப்படியானால் வண்டி சரி. ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது, அடுத்த நிமிஷம் கண் தரைக்குப் போனது. துணி துவைக்கும் தரை, தண்ணீர் ஓட வேண்டுமென்று ஒரு மூலையை மட்டும் சாக்கடை வாய்க்கு இறக்கிப் பூசியிருக்கிறான் வீட்டைக் கட்டியவன், பதினாறு வருஷமாக இங்கேதான் குளிக்கிறார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருநாளாவது பார்த்தாரா? இந்தத் தரைக்கு அளவெடுத்துச் செய்த வண்டி இந்தத் தரையில்தான் நிற்கும். சரி, வண்டிதானே, சக்கரம் மாட்டிய ஒரு காலைச் செதுக்கினால் தீர்ந்தது… ஆனால் படகு? அதுவும் எட்டு மாதம் இதே தரையில், இதே மூலையைப் பார்த்து…

துவைகல்லுக்குப் பக்கத்தில் செங்கல்மேல் இருந்தது படகு, பச்சைச் சாயம் இன்னும் மணக்கிறது. சந்திலிருந்து பழத்தை எடுத்து வந்து படகின் அடிப்பலகையில் நட்டநடுவே வைத்து, விரலை எடுத்தார். பழம் யோசித்தது. பிறகு இடதுபக்கம் உருண்டுபோய்ப் பலகையோடு ஒட்டி நின்றது. இது படகின் கோணலா, தரையின் கோணலா, பழமே சரியான உருண்டை இல்லையோ, மூக்கு வேறு இருக்கிறது… எது நேர் என்று பார்க்க மனிதன் எங்கேதான் போய் நிற்பது? தண்ணீருக்குத் தெரியும். பத்து மணிக்கு, மாலையும் கையுமாக எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது சொல்லும், கண்மணி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது… வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமா, யாருக்கு, அவருக்கா அவளுக்கா?

துணி எடுக்க வந்த கண்மணி வாளியோடு எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. படகுக்குள் எட்டிப் பழத்தைப் பார்த்தாள். "இடது பக்கமா போயிருச்சா?"

"அது ஒண்ணுமில்ல, சோதனைதான்."

"சரிங்க. நாளைக்கு நான் கொஞ்சம் வலப்பக்கமா தள்ளி உக்காந்துக்கிறேன்," என்றாள், ஏதோ குழம்புக்கு உப்புப் போடுவதைப்போல, வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உளியை எடுத்துக்கொண்டு தனசேகரன் வண்டிப் பக்கம் திரும்பினார், எந்தக் காலைச் செதுக்க வந்தோம் என்பது மறந்துவிட்டது… பதினாறு வருஷம்… மேடையில் அவர் பேசப் பேச, வீட்டில், விருந்தில், ஆட்களுக்கு நடுவில், இவள் இதுவரை எத்தனை தடவை இப்படிச் சத்தமில்லாமல் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்திருப்பாள்?