பக்கத்துக் கட்டில் நெஞ்சு

"போயும் போயும் இந்தக் கோளாறு பிடிச்ச நெஞ்சுக்கா பொறாமைப்படுறீங்க?"

"சிரிக்காதீங்க டீச்சர். உங்க நெஞ்சைக் கேக்க தினமும் பத்துப் பேர் வர்றாங்க. எனக்கு யார் வர்றா?"

பக்கத்துக் கட்டில் டீச்சரின் இதயத்தில் அபூர்வமான ஓர் ஓசையாம். காலையில் பெரிய டாக்டர் மாணவர் படையோடு வருவார். ஒவ்வொருவரும் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்மூடிக் கேட்பார்கள், சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ பாடுவதைக் கேட்பதுபோல. எனக்கோ காலில் ஆறாத சர்க்கரைப் புண். இந்த வார்டில் பாதிப்பேருக்கு அதுதான். நாலு நாளாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பயிற்சி டாக்டரிடம் சொன்னேன். "வாயுவா இருக்கும்மா" என்றார், கால் புண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்குத் தூக்கம்தான் வேணும்க்கா. ஜில்லுனு பத்துக் குழாய்! பேசாம கட்டிலை மாத்திக்கலாமா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.

அவள் கட்டிலில் ஜன்னல் வெளிச்சம்கூட அதிகம். போர்வையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டேன். மூச்சு முட்டியது. பொறுத்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் வாசலில் நர்ஸிடம் பேச நின்றுவிட, மாணவர்கள் முந்திக்கொண்டார்கள்.

"கேக்குதுடா, தெளிவா கேக்குது" என்றான் ஒருவன். அடுத்தவனும் தலையாட்டினான். மூன்றாமவன் நோட்டில் எழுதியே விட்டான். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர்கூட என்னை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

மாணவர்களில் ஒரு பெண் மட்டும் வைத்த குழாயை எடுக்கவில்லை. முதுகிலும் வைத்துப் பார்த்தாள். "எனக்கு வேற மாதிரி கேக்குது. அடியில களகளன்னு..."

"உனக்கு என்னைக்குத்தான் ஒழுங்கா கேட்டிருக்கு?"

பெரிய டாக்டர் வந்தார். "அட, இந்தம்மா இல்லப்பா! அவங்க அதோ தூங்குறாங்க."

வார்டே சிரித்தது. தலையாட்டியவர்களுக்குக் காது சிவந்தது. படை மொத்தமும் டீச்சர் பக்கம் திரும்பியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தவளைச் சுற்றி மறுபடி அதே கூட்டம். எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியாக நகர்ந்த அந்தப் பெண்ணின் வெள்ளைக் கோட்டை எட்டிப் பிடித்தேன்.

"கண்ணு, அவங்க நெஞ்சு எங்கயும் ஓடிப் போயிடாது. இப்ப ஏதோ வேற மாதிரி கேக்குதுன்னியே... அதை இன்னொரு தடவை கேளும்மா."