பின்வடம்

எங்கள் தெருத் தேர் நான்கு டன் எடை. இந்த வருடத் திருவிழாவில் அது முதலில் உடைத்தது பல் டாக்டர் வீட்டு மதிலை. அடுத்தது சோஹெயின் கால். மூன்றாவதாக உடைந்தது என் மூக்கு. மூக்கைத் தேர் உடைக்கவில்லை. சோஹெயின் அப்பா தொகுதா உடைத்தார். போலீஸிடம் நான் தேர் என்றுதான் சொன்னேன்.

ஒசாகாவுக்குத் தெற்கே கடலை ஒட்டிய இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் பெயர் தில்மான் புன். பிறந்தது நேபாளத்தில். இங்கே இரும்பு வடம் முறுக்கும் ஆலையில் வேலை. எந்தக் கிழமை எந்தக் குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்று தெருக்காரர்களே என்னிடம்தான் கேட்கிறார்கள். அப்படியும் ரயிலில் என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் போகும். கால் கடுக்க நின்றாலும் நிற்பார்கள், உட்கார மாட்டார்கள். என் தோளோடு தோள் உரச இந்த ஊர் ஆட்கள் நின்றது ஒரே இடத்தில்தான். தேரில்.

ஆடி அசைந்து வரும் தேர் என்று நினைத்துவிடாதீர்கள். முந்நூறு பேர் முன்வடத்தைப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடுவார்கள். தெருமுனை வந்தாலும் வேகத்தைக் குறைக்கக் கூடாது, அப்படியே திருப்ப வேண்டும். திருப்புவது பின்வடத்துக்காரர்கள். தேருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் கட்டிய வடத்தை இருபது பேர் பிடித்திருப்பார்கள். தேரின் கூரைமேல் நிற்பவன் விசிறியை நீட்டியதும் ஒரே மூச்சில் பக்கவாட்டில் இழுப்பார்கள். அரை நொடி பிந்தினால் மதில்தான்.

பின்வடத்தில் வெளிநாட்டான் கை பட்டதே இல்லை. எட்டு வருடம் நான் முன்வடத்தின் நுனியில் பள்ளிப் பிள்ளைகளோடு ஓடினேன். ஒன்பதாவது வருடம் தொகுதா என்னைக் கூப்பிட்டார். அவர் கூரைக்கு ஓடு வேய்கிறவர், பின்வடத்துக்குத் தலைவர், வாயைத் திறந்தால் வசவுதான் வரும். என் உள்ளங்கையைத் திருப்பிக் காய்ப்பை அழுத்திப் பார்த்தார்.

"வடம் முறுக்குற கைதானே. இந்த வருஷம் பின்னாடி வா. நடுவுல விட்டேன்னு வெச்சுக்கோ, அந்த வடத்தையே உன் கழுத்துல சுத்திடுவேன்."

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஊரில் அப்பா செத்துப்போனார். தம்பி போனில் காட்டினான். ஆற்றங்கரை, புகை, வெள்ளைத் துணி, அவனுடைய மொட்டைத் தலை. மூத்தவன் நான், இங்கே முழு முடியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வழக்கப்படி மகன் தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, உப்பில்லாமல் சாப்பிட்டுப் பதின்மூன்று நாள் உட்கார வேண்டும். இந்த ஊரிலும் தீட்டு உண்டு. சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருடம் தேரைத் தொடக் கூடாது. இரண்டு நாட்டுச் சாமிகளும் சொல்லிவைத்தாற்போல் என்னை மறித்துக்கொண்டன.

"வெளியில மூச்சு விடாதே" என்றேன் மனைவி ஹிமகலாவிடம்.

"பெத்த அப்பா செத்து மூணு நாள்தான் ஆகுது. நீங்க தேர் இழுக்கப் போறீங்களா? முடியையாவது எடுங்க."

"எடுத்தா ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே! சொல்லுங்களேன். அப்பா செத்துட்டாருன்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"ஒன்பது வருஷம்டி. இப்ப விட்டா அந்த இடத்துல வேற எவனாவது வந்து நின்னுடுவான். அப்புறம் நான் மறுபடியும் புள்ளைங்களோட ஓடணும்."

அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். உப்புப் போடாமல் சமைத்திருந்தாள். நான் சோயா சாஸை எடுத்து ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திருவிழாவன்று காலையில் பொடிமழை. பின்வடத்துக்காரர்கள் வரிசையாக நின்றோம். தொகுதா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "வீட்ல சாவு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றவன் தோளில் தீட்டுக் கழிக்கும் உப்பை அள்ளி வீசினார். என்னிடமும் கேட்டார். "இல்லை" என்றேன். உப்பை நாக்கில் வைக்கக் கூடாத நாளில் என் தோள், கழுத்து, காதெல்லாம் உப்பு.

சோஹெய் எனக்கு அடுத்து வெளிப்பக்கம் நின்றான். இருபத்து நான்கு வயது, அப்பாவோடு கூரை ஏறுகிறவன். "தில் அண்ணே, விழுந்தா விட்டுட்டு உருண்டுடுங்க. உங்களைத் தூக்க நாலு பேர் வேணும்" என்றான்.

மூன்று முனைகள் திரும்பினோம். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! காது அடைத்தது, தோள் மூட்டு கழன்றது போல் இருந்தது. இருபது பேரும் ஒரே உடம்பாக இழுத்தோம். அப்பா நினைவே வரவில்லை.

நான்காவது முனை பல் டாக்டர் வீடு. கூரைமேல் விசிறி நீண்டது. இழுத்தோம். எனக்கு முன்னால் இருந்தவன் ஈரத்தில் வழுக்கி விழுந்தான், அவன்மேல் நான் விழுந்தேன். வடத்தை விடவில்லை. முழங்கால் தோல் தார்ரோட்டில் உரிய உரிய அது என்னை இழுத்துப்போனது. ஆனாலும் எங்கள் பக்கம் தளர்ந்துவிட்டது. தேரின் வால் வெளியே வீசி மதிலில் மோதியது. இடையில் சோஹெய்.

மதில் சரிந்த சத்தத்துக்குப் பின்னால் அவன் கத்தியது கேட்டது. நாற்பது பேர் கூடித் தேரை நகர்த்தினோம். முழங்காலுக்குக் கீழே கால் இருந்த இடத்தில் துணியும் எலும்பும் கலந்து கிடந்தன. மழைத் தண்ணீர் ரத்தத்தைச் சாக்கடை வரை கொண்டுபோனது.

ஆம்புலன்ஸில் தன் மனைவியை மகனோடு ஏற்றிவிட்டுத் தொகுதா எங்களிடம் திரும்பி வந்தார்.

"எவன்டா அது, தீட்டோட தேரைத் தொட்டது? காலையில என் மூஞ்சியைப் பார்த்து இல்லைன்னு பொய் சொன்னவன் எவன்?"

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். ஒருவன்கூட என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். என்னால் முடியவில்லை. வடத்தின் மறுமுனையைப் பிடித்து இழுத்தது அப்பாதான் என்று என் மனது அடித்துச் சொன்னது.

"நான்தான் தலைவரே. எங்கப்பா. செவ்வாக்கிழமை."

அவர் தலையால் முட்டினார். மூக்குக்குள் மொறுக்கென்றது. விழுந்ததும் விலாவில் மிதித்தார். பிறகு யார் யாரோ மிதித்தார்கள். நானும் சும்மா வாங்கிக்கொண்டு கிடக்கவில்லை. மீன்கடை ஒகாசேயின் உதட்டைக் கிழித்தேன், இன்னொருவன் விரலைக் கடித்தேன். அதற்கும் சேர்த்து வாங்கினேன். "போடா உன் நாட்டுக்கு!" என்று ஒருவன் கத்தினான். காலையில் எனக்கு இடுப்புத் துணி இறுக்கிக் கட்டிவிட்டவன் அவன்.

இளம் போலீஸ்காரன் ஒருவன் வந்தான். முதலில் என் வசிப்பு அட்டையைக் கேட்டான். அட்டையில் இருந்த மூக்கையும் என் மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"யார் அடிச்சது?"

"தேர்."

"தேருக்குக் கை இருக்கா?"

"எங்க தெருத் தேருக்கு இருக்கு."

அவன் எழுதிக்கொண்டான்.

சோஹெயின் காலை எடுத்துவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை என்னைத் தெரு மன்றத்துக்கு வரச் சொன்னார்கள். பெரிய தப்புச் செய்தவன் இந்த ஊரில் தலையை மழித்து மன்னிப்புக் கேட்பான். தொகுதா கையில் முடிவெட்டும் மெஷின் வைத்திருந்தார். நான் மண்டியிட்டு நெற்றியைப் பாயில் வைத்தேன். பின்வடத்துக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

பாதித் தலை முடிந்ததும் கேட்டார்: "உங்க ஊர்ல அப்பா செத்தா என்னடா பண்ணுவீங்க?"

"மொட்டை அடிச்சுக்குவோம் தலைவரே."

மெஷின் நின்றது. "முழுசாவா?"

"பின்னாடி ஒரு கொத்து விடுவோம்."

அவர் மெஷினை மறுபடி ஓட்டினார். உச்சிக்குப் பின்னால் வந்ததும் சுற்றிக்கொண்டு போனார், அந்த ஒரு கொத்தைத் தொடவில்லை. என் மூக்கை உடைத்தவரின் கை அது.

"சோஹெய் சொன்னான், நீ கடைசி வரைக்கும் விடலையாமே. எங்கப்பன் செத்த வருஷம் நான் வீட்டு மாடியில நின்னு தேரைப் பார்த்தேன். வயிறு எரிஞ்சுது. அடுத்த வருஷம் வந்தேன், என் இடம் என் இடமா இருந்துச்சு. ஒரு வருஷம்தானடா முட்டாளே! சாவுக்காரன் இடத்துல எவனும் நிக்க மாட்டான். உன் இடத்தையும் காலியாத்தான் விட்டிருப்போம்."

எனக்கு அது தெரியாது. பதினோரு வருடத்தில் யாரிடமும் கேட்கவும் தோன்றவில்லை.

"இனிமே?" என்றேன்.

"இனிமே இல்ல. முன்வடமும் இல்ல."

அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால், உடைந்த மூக்கோடு மூச்சுத் திணறத் திணற அழுதேன். மன்னிப்புக் கேட்டு அழுகிறான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். சோஹெயின் காலுக்காகக்கூட நான் அழவில்லை, பறிபோன என் இடத்துக்காகத்தான் அழுதேன். வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை.

வீட்டுக் கதவைத் திறந்த ஹிமகலா என் மொட்டையைப் பார்த்தாள். பின்னால் இருந்த கொத்தைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய் வெள்ளைத் துணியை எடுத்துவந்து போர்த்திவிட்டாள். உப்பில்லாத சோற்றை வைத்தாள். நான் எதையும் ஊற்றாமல் சாப்பிட்டேன்.

"அப்பாவை நினைச்சு அழுதீங்களா? கண்ணெல்லாம் வீங்கியிருக்கே."

"ஆமா" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்காக அழுதவள் அவள் ஒருத்திதான்.