குலவை என்று பதிவான அதிர்வு

1

இது ஒரு துண்டுப்பிரசுரமாகப் பிறந்திருக்க வேண்டிய கதை. ஸஃபி துறைமுகத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றில் 'எந்திரங்கள் பேசுகின்றன, நாம் கேட்போம்' என்று ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அதன் வெற்றியை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள். வெற்றி எங்கே என்று தேடப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

முதல் தொடக்கம்: "புதிய தொழிற்புரட்சியின் வாசலில் நிற்கும் நம் ஸஃபி..." [அந்த வாசலில் நிற்பவர்கள் எல்லோருக்கும் காலில் ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் மீன் செதில். அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "ஹத்தாவுக்கு எந்திரங்கள் என்றாலே பயம்." [பொய். டப்பா மூடும் எந்திரத்தை ஓட்டுகிறவளே அவள்தான். அவளுக்குப் பயம் பல் வைத்தியரிடம் மட்டும்.]

2

பயிற்சியாளர் பெர்ரதா காசாபிளாங்காவிலிருந்து வந்தவர். ஹத்தாவின் எந்திரத்தில் பொத்தான் அளவு சென்சார்களை ஒட்டினார். எந்திரம் எப்படி அதிர்கிறது என்று அவை திரைக்குச் சொல்லும். அதிர்வு மாறினால் சிவப்பு விளக்கு எரியும். ஏன் மாறியது என்று நாம் திரையைத் தொட்டுச் சொன்னால் அது கற்றுக்கொள்ளும், அடுத்த முறை தானே முடிவு செய்யும். இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேவைப்பட்டது. காட்டிய ஒவ்வொரு படத்தின் கீழும் 'டேட்டா பொய் சொல்லாது' என்று எழுதியிருந்தது.

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஹத்தாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி வந்தது. எங்கள் ஆலைகளில் அதற்கு ஒரே மரியாதைதான்: கைக்கு எட்டிய தகரத்தில் தாளம், வாய் நிறையக் குலவை. அன்று கைக்கு எட்டியது எந்திரத்தின் மேல்மூடி. சிவப்பு எரிந்தது. பெர்ரதா ஓடிவந்தார்.

திரையில் காரணங்கள் வரிசையாக இருந்தன. எண்ணெய் குறைவு, பேரிங் தேய்மானம், திருகு தளர்வு. கல்யாணம் இல்லை.

"என்னன்னு போடறது, லல்லா ஹத்தா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

சிக்கும் மூடிகளை எந்திரத்துக்குள் கையை விட்டு எடுக்கும் கெல்தூம் முந்திக்கொண்டாள். "குலவைன்னு போடுங்க உஸ்தாத். நம்மளவிட அதுக்குத்தான் சந்தோஷம் போல, என்னமா ஆடுது."

பெர்ரதா சிரித்தபடியே புதுக் காரணத்தைச் சேர்த்தார்: குலவை. இயல்பானது. நிறுத்த வேண்டாம். எந்திரம் நம் பண்பாட்டைக் கற்கிறது என்று தலைமைக்கு அறிக்கையும் அனுப்பினாராம். பிறகு வந்த நிச்சயதார்த்தங்களுக்கும் சுன்னத்துகளுக்கும் சிவப்பு விளக்கு கண்ணே திறக்கவில்லை.

இங்கே முற்றுப்புள்ளி வைத்திருந்தால் பிரசுரம் அச்சுக்குப் போயிருக்கும்.

3

வகுப்பின் கடைசி வாரம். படகுகள் நிறைமீனோடு திரும்பிய பிற்பகல். எந்திரம் அதிர்கிறது. யாரும் தட்டவில்லை, யாரும் பாடவில்லை. திரையில் பச்சை எழுத்து: குலவை. இயல்பானது.

ஹத்தா பெர்ரதாவைக் கூப்பிட்டாள். சத்தம் வேறு மாதிரி இருக்கிறதா என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தட்டியபோது எப்படி அதிர்ந்தது என்று அவள் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை, அது திரைக்குத்தான் தெரியும். பேரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது சுவருக்கு அந்தப் பக்கம் பொதி கட்டும் கூடத்தில் நிஜமாகவே யாராவது தட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு கூடத்துக்கும் தரை ஒன்றுதான், அங்கே தட்டினால் இங்கேயும் அதிரும்.

பேரிங் என்றால் அது எந்த நிமிஷமும் உடையும். உடையும்போது கெல்தூமின் விரல்கள் எங்கே இருக்கும்? எந்திரத்தை நிறுத்தினாலோ கூடை கூடையாக மீன் நாறும். கற்றுத் தேர்ந்த எந்திரத்தை நம்பாதது யார் என்று மேலிடம் கேட்கும்.

ஆகவே, இரண்டு பட்டம் வாங்கிய பெர்ரதா பொதிக் கூடத்துக்கு ஓடினார். வரிசையாக நின்ற பெண்களிடம் மூச்சு வாங்கக் கேட்டார்:

"யாருக்காவது கல்யாணமா? தயவுசெஞ்சு சொல்லுங்க, இங்க யாருக்காவது நிச்சயம் ஆயிருக்கா?"

"ஏன் உஸ்தாத், வீட்ல உங்களுக்கு இன்னொண்ணு பாக்கறாங்களா?" என்றாள் ஒருத்தி. கூடமே மேசைத் தகரத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

இந்தப் பக்கம் எந்திரம் இன்னும் ஆடியது. இது இப்போதைய தட்டலா, முன்பிருந்த நடுக்கமா என்று இனிமேல் யாராலும் பிரிக்க முடியாது. [என்னாலும்தான். எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. டேட்டாவைப் பற்றிய நம்பிக்கை மாதிரிதான் அதுவும்.]

"கெல்தூம், கையை வெளிய எடுடீ."

"எடுத்தா மூடி குவியும். நீ நிறுத்து, நான் எடுக்கறேன்."

"சந்தோஷமா இருக்குன்னு திரை சொல்லுதே."

"யாரு சந்தோஷம்? என்னைக் கேட்டுச்சா?"

4

முடிவு அ: ஹத்தா நிறுத்துகிறாள். பிரித்துப் பார்த்தால் பேரிங் புத்தம் புதிது. அவளை மீன் கழுவும் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். கெல்தூமின் விரல்கள் பத்திரமாக இருக்கின்றன. அவை ஆபத்தில் இருந்தன என்று யாரும் நம்புவதில்லை, கெல்தூம் உட்பட.

முடிவு ஆ: ஹத்தா நிறுத்தவில்லை. ஒன்றும் ஆகவில்லை. நாளைக்குத் திரை இயல்பு என்று இன்னும் அடித்துச் சொல்லும்.

முடிவு இ: ஹத்தா நிறுத்தவில்லை. பேரிங்

[இல்லை. என்னால் முடியாது.]

எந்த முடிவானாலும் படிப்பவர்களுக்கு நம்பிக்கை வந்தால் போதும் என்று ஆலையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே உங்களை நம்பி ஒப்படைக்கிறேன். ஹத்தாவின் இடத்தில் நில்லுங்கள். நிறுத்தும் பொத்தான் உங்கள் இடுப்பளவில் இருக்கிறது. திரை இயல்பு என்கிறது. பெர்ரதா இன்னும் சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஒரு மூடி சிக்கிவிட்டது. கெல்தூம் உங்களையே பார்த்தபடி கையை