திருக்கல்லாவூர் புராணத்துக்கு மெய்ச்சான்று

உண்மை மலைகளுக்கு மூத்தது. அது மன்னனுக்கு வளையாது, கடலுக்கு அஞ்சாது, காலத்தில் கரையாது. அதைக் கண்டறியும் பொறுப்பு புராண மெய்ப்பிப்புத் துறையின் முதுநிலை எண்ணாளர் காளத்திநாதனிடம் இருந்தது. அன்று காலை அவர் பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காத கடுப்பில் இருந்தார்.

திருக்கல்லாவூர் தலபுராணம் சிக்கலில்லாத நூல். கடல் ஊரைத் தின்ன வந்தது. தேவர்கள் ஒரே பகலில் ஆயிரம் தூண் நிறுத்தி மண்டபம் எழுப்பினார்கள். தூண்களைப் பார்த்த கடல் திரும்பிப் போயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். புலவர் கடைசிப் பாட்டில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆயிரத்தில் ஒன்று குறைந்தாலும் ஒன்று கூடினாலும் இந்நூல் பொய் என்று எழுதிவிட்டார்.

நூல் பொய்யானால் கடல் திரும்பிப் போனதும் பொய். கடல் திரும்பிப் போகவில்லை என்றால் ஊர் இல்லை. அதில் துறை தலையிடுவதில்லை. சான்றிதழ் மட்டும் தரும்.

இருபத்திரண்டு ஆண்டுகளில் காளத்திநாதன் மூன்று மண்டபங்களைப் பொய்யென்று எழுதியிருந்தார். மூன்றிலும் ஒன்றே ஒன்றுதான் குறைந்தது. அந்த மூன்று ஊர்களும் இப்போது வரைபடத்தில் நீல நிறத்தில் இருந்தன. அங்கிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. அதைத் தம் வேலையின் சுத்தத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

மண்டப வாசலில் காவலாள் அஞ்சப்பன் நின்றிருந்தான்.

"வாங்க சார். ஒரு விஷயம் சொல்லணும்."

"எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது."

"சின்ன விஷயம்தான் சார்."

"சின்ன விஷயத்துலதான்யா எண்ணிக்கை தப்பும்."

அஞ்சப்பன் கண்ணைத் தாழ்த்தி, உடனே வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

காளத்திநாதன் சாப்பாட்டுப் பையை வாசலோரத் தூணின் யாளிக் கொம்பில் மாட்டினார். துறையில் எல்லோரும் செய்வதுதான். பை இருக்கும் இடம் தொடக்கம். அடுத்த தூணில் ஒன்று என்று தொட்டு, சுற்றி வந்து, பையைப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். பையில் மனைவி செண்பகம் கட்டிக் கொடுத்த புளியோதரை இருந்தது.

தொட்டார். எண்ணினார். பை வந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

வெளியே மீன் சந்தை வரைக்கும் கடல் வந்திருந்தது.

அறங்காவலர் குழுத் தலைவர் பொன்னுரங்கம் நாயனம் முன்னே செல்ல வந்து சேர்ந்தார். கையில் பொன்னாடை. முழங்கால் வரை தண்ணீர்.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா எண்ணியிருக்கார், ஆயிரம். கல்வெட்டே இருக்கு."

"கல்வெட்டுக்கு எண்ணத் தெரியாது."

"கும்பிடுறவங்க எண்ணிப் பார்த்தா கும்பிடுறாங்க?"

"அதனாலதான் என்னை அனுப்பியிருக்காங்க."

இரண்டாம் முறை எண்ணினார். மண்டபம் சற்று நீண்டிருந்தது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. எண் மாறவில்லை.

மூன்றாம் முறை மண்டபம் இன்னும் நீண்டது. வடக்குக் கோடியில் வேறு வெயில் அடித்தது. அங்கிருந்து திரும்பி வருவதற்குள் அவருக்குத் தாடி முளைத்திருந்தது. எண் மாறவில்லை.

ஊர் கோபுர வாசல் படிகளில் ஏறிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெஞ்சுகளைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். ஈரத்துணி வாளியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"சார், முடிவு எப்ப தெரியும்? துணியைக் காயப்போடலாமா வேணாமான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவள் இடுப்பிலிருந்த குழந்தை அவரைப் பார்த்து டாட்டா காட்டியது.

காளத்திநாதன் பதிலுக்கு டாட்டா காட்டிவிட்டார். பணியில் சேர்ந்ததிலிருந்து இப்படி ஆனதில்லை. இதுவரை அவர் கடைசிப் பேருந்துக்கு முன்பே எண்ணி முடித்துவிடுவார். தண்ணீர் வருவதைப் பார்க்க நேர்ந்ததில்லை.

"ஒண்ணுதானே சார், போட்டுடுங்க" என்றார் பொன்னுரங்கம். நாயனத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். நாயனக்காரர் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தார்.

"இல்லாத ஒண்ணை நான் எழுதினதில்லை."

"சரி, இருக்கிற மாதிரி பண்ணிட்டா?"

காளத்திநாதன் துறைக் கையேட்டைப் பிரித்தார். பதினான்காம் விதி: தூண் என்பது நின்றபடி கூரையைத் தாங்குவது. கல் என்று எங்கும் சொல்லவில்லை. அடிக்குறிப்பையும் படித்தார். அடிக்குறிப்பு நனைந்திருந்தது.

"அப்ப நீங்களே நிக்கலாமே" என்றார் பொன்னுரங்கம்.

"நீங்க நிக்கக்கூடாதா?"

"நான் தலைவர். எனக்கு மீட்டிங் இருக்கு."

குழந்தை இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

காளத்திநாதன் கையேட்டை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு தூண்களுக்கு நடுவே நின்றார். கூரை ஒரு முழம் இறங்கி அவர் தலையில் உட்கார்ந்தது. கனமாக இருந்தது. கனமாக இருந்ததால் உண்மையாகவும் இருந்தது. படிவத்தை நெஞ்சோடு வைத்து 'ஆயிரம், மெய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதிய கை தானாக மேலே போய்க் கூரையைப் பிடித்துக்கொண்டது. முதலில் செருப்பு கல்லாயிற்று.

மீன் சந்தையைத் தாண்டிக் கடல் திரும்பிப் போனது. அந்தப் பெண் துணியைக் காயப்போட்டாள்.

பொன்னுரங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்திப் பேசினார். நன்றியுரையில் தம் தாத்தாவின் தாத்தாவைப் பற்றி மட்டும் சொன்னார். அஞ்சப்பன் நடுவே கையைத் தூக்கினான்.

"ஐயா, சார்கிட்ட காலையிலேருந்து ஒண்ணு..."

"மரியாதை நடக்குதுடா. வாயை மூடு."

சாயங்காலம் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. சட்டைப்பையும் கல்லாகியிருந்ததால் யாராலும் எடுக்க முடியவில்லை. செண்பகம் பதினோரு முறை கூப்பிட்டாள். பிறகு பேட்டரி தீர்ந்துவிட்டது.

தூணுக்குப் பார்ப்பதைத் தவிர வேலையில்லை. காளத்திநாதன் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்ப்பதையெல்லாம் எண்ணினார், பழக்க தோஷம். மூன்றாம் நாள் அவர் கண் வாசலோரத் தூணுக்குப் போனது. பை அங்கேயே தொங்கியது. புளியோதரை நாறியது.

அந்தத் தூணை அவர் எண்ணவில்லை.

மறுபடி கண்ணாலேயே எண்ணினார். அதையும் சேர்த்தால் கல் தூண்கள் மட்டும் ஆயிரம். தேவர்கள் சரியாகத்தான் செய்திருந்தார்கள். இப்போது இவரோடு ஆயிரத்தொன்று.

அப்புறம் அந்த மூன்று ஊர்கள் நினைவுக்கு வந்தன. மூன்றிலும் ஒன்றே ஒன்று. மெய்யென்று எழுதிய ஊர்களில் எண்ணியதெல்லாம் படிகளும் கிணறுகளும். அங்கே பை மாட்ட வசதி இல்லை.

கத்த வேண்டும் போலிருந்தது. வாய் நன்றாகச் செதுக்கப்பட்டிருந்தது. திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, எண்ணாளர் திரும்பி வராததால் துறை மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. இளநிலை எண்ணாளர் ஜெசிந்தா வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே கடலும் வந்து மீன் சந்தையில் காத்து நின்றது. படிகளில் ஊர் மறுபடி ஏறியது. அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு பல் இருந்தது.

ஒன்று கூடினாலும் பொய். காளத்திநாதன் தம்மை உடைத்துக்கொள்ளப் பார்த்தார். வேலைப்பாடு உறுதியாக இருந்தது.

"அக்கா, அந்தத் தூண் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றான் அஞ்சப்பன்.

"எண்ணும்போது பேசாதீங்க அண்ணே."

ஜெசிந்தா பையை மாட்ட இடம் தேடினாள். வாசலோரத் தூணுக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். காளத்திநாதனின் இடது முழங்கை மடங்கி, கொக்கி போல வாகாக இருந்தது. பையை அதில் மாட்டினாள். அடுத்த தூணைத் தொட்டு, ஒன்று என்றாள்.

மண்டபம் நீண்டது. அவள் சலிக்காமல் நடந்தாள். நாறிய பையைத் தாண்டும்போது அந்தத் தூணையும் தொட்டு ஒரு எண் சொன்னாள். சுற்றி வந்து தன் பையைப் பார்த்ததும் நின்றாள்.

ஆயிரம்.

கடல் கிளம்பிப் போனது. படிகளில் இருந்தவர்கள் அழுதார்கள். பொன்னுரங்கம் இன்னொரு பொன்னாடையை எடுத்தார்.

ஜெசிந்தா படிவத்தைக் காளத்திநாதனின் நெஞ்சில் வைத்து எழுதினாள். மெய் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். குனிந்து பேனா மூடியை எடுத்தவள், நிமிரும்போது சற்று நின்று பார்த்தாள். குறிப்புகள் பகுதியில் ஒரு வரி சேர்த்தாள்.

'பை மாட்டிய தூணில் பேண்ட் ஜிப் திறந்திருக்கிறது.'