வெளிப்பலகை

இன்றைக்கு எந்த வலியைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பல்லி மாடிப்படி ஏறினான். முட்டி வலியைப் போன மாதமே செலவழித்தாயிற்று. பல்வலி, கண்ணில் தூசி, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாமே ஒரு சுற்று வந்துவிட்டன. தலைசுற்றல் என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை. அது உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் மிச்சமும் தானாகவே வெளியே வந்துவிடும் என்று பயம். முன்னால் ஏறிக்கொண்டிருந்த தங்கை புருஷன், தோளில் கயிற்றுச் சுருளும் வாயில் ஏதோ பாட்டுமாகப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டிருந்தான். மழைக்கு முந்தின காற்று படிக்கட்டு ஜன்னல்களைப் படபடவென்று அடித்தது.

பல்லி என்பது வேலை இடத்தில் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது அவனுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். எவ்வளவு உயரமானாலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஒற்றைப் பலகையில் நின்று, வெளிப்பக்கத்துப் பூச்சை முடித்துவிட்டுத்தான் டீ குடிக்க இறங்குவான். பெயர் வைத்த மற்ற கொத்தனார்களுக்கு அதில் கொஞ்சம் கேலியும் நிறையப் பொறாமையும் இருந்தது. அவனுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அந்தப் பெருமையெல்லாம் ஒரு செருப்போடு போயிற்று. போன வருஷம் ஒரு மத்தியானம், சாரத்தில் நின்று சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது கால் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறது, அவன் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டான். செருப்பு புரண்டு புரண்டு, அவசரமே இல்லாமல், போய்க்கொண்டே இருந்தது. அது தரையைத் தொட்ட சத்தம் வருவதற்குள் அவன் சாரக்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். கீழே நின்ற ஒருவன் செருப்பை எடுத்து ஆட்டிக் காட்டிச் சிரித்தான். பல்லியும் சிரித்தான். ஆனால் அன்று அந்தப் பலகையை விட்டு உள்ளே வர அவன் பட்ட பாடு அவனுக்கும் அந்தச் சுவருக்கும் மட்டும்தான் தெரியும்.

விழவில்லை, அடிபடவில்லை, கூட வேலை செய்த யாரும் விழுந்து அவன் பார்த்ததும் இல்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு காரணம் இருந்திருக்கும். ஒரு செருப்புக்குப் பயந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போன அன்றே, மாப்பிள்ளை எட்டு மாடி ஏறினாலும் ஏணி கேட்காதவர் என்றுதான் அவளிடம் அளந்துவிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தால், முழங்காலுக்குக் கீழே இருப்பது தன்னுடைய கால்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

தங்கையிடம் மறைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். எதிரெதிர் வீடு. கல்யாணமான புதிதில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அவரு அவசரக்காரருண்ணே. எதுலயும் நிதானம் கெடையாது. நீ வெளியில நின்னுக்கோ, அவரை உள்ளயே வெச்சுக்கோ." அவன் சரி என்றான். அப்போது அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். நேற்றும், இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்று, "இன்னைக்கும் நீதானேண்ணே வெளியில?" என்றாள். அவன் பதில் தேடுவதற்குள், கை கழுவிக்கொண்டிருந்த தங்கை மாப்பிள்ளை குரல் கொடுத்தான். "பின்ன என்ன? உங்கண்ணன் வெளியில தொங்குறாரு. நான் உள்ள ராஜா மாதிரி உக்காந்து காத்து வாங்குறேன்." நாள் முழுக்க வெளியில் தொங்கியவன் அந்த மாப்பிள்ளைதான். பல்லி தலையைக் குனிந்துகொண்டான். இவன் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்தச் சொல்கிறானா, இல்லை தன்னைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறானா என்று இரவெல்லாம் புரண்டு படுத்தும் விளங்கவில்லை.

மொட்டை மாடிக்குப் போனதும் மாப்பிள்ளை மூலையில் போய்க் குந்தினான். பாட்டு நின்றது.

"மச்சான், இங்க வந்து இந்தக் கூத்தப் பாருங்க."

அது மூன்று மாடிக் கண் மருத்துவமனை. மேலே ஒரு கல் நகர்ந்திருக்கிறது என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். அதன் சுவர் இரண்டு அடுக்கு. நடுவில் கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். வெளிச்சுவர் எவ்வளவு நனைந்தாலும் ஈரம் உள்சுவருக்குத் தாவாமல் இருக்க விட்ட இடம் அது. அந்த வெற்றிடம் மேலே வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் மழை நேராக உள்ளே இறங்கிவிடும். அதனால் சுவரின் தலை நெடுகக் கனமான கல் பலகைகளை மூடியாக வைத்திருந்தார்கள். கொத்தனார்களுக்குள் அதற்குத் தொப்பி என்று பெயர். ஒரு தொப்பிக்கும் அடுத்த தொப்பிக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடம் விட்டு, ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்கிற பசையை வைக்க வேண்டும். வெயிலில் கல்லும் கொஞ்சம் பெருக்கும். பெருக்க இடம் இல்லாவிட்டால் அது பக்கத்துக் கல்லைத் தள்ளும், அது அடுத்ததைத் தள்ளும். மூலையில் இருக்கிற கல்லுக்குத் தள்ளுவதற்கு யாரும் இல்லை, அதுதான் வெளியே போக வேண்டும். குளிர்ந்த பிறகும் அது திரும்பி வராது, விட்டுப்போன சந்தில் மண்ணும் தூசியும் போய் அடைத்துக்கொள்ளும். அடுத்த வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் நகரும்.

மூலைத் தொப்பி ஒரு கையகலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய பாதிக் கல் காற்றில் நின்றது. நேர் கீழே மருத்துவமனை வாசல்.

பல்லி இணைப்பில் விரலை வைத்தான். பசை இல்லை. கட்டியான சிமெண்ட். பார்க்காமலே அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அதை வைக்கச் சொன்னதே அவன்தான். செருப்பு விழுந்த பிறகு எடுத்த முதல் வேலை இது. பசையை வெளிப்பக்கம் நின்றுதான் அடைக்க முடியும். அவனால் போக முடியவில்லை. மாப்பிள்ளையைப் போகச் சொல்லவும் அன்று வாய் வரவில்லை, தங்கை முகம் கண்ணில் நின்றது. "சிமெண்டே போதும் மாப்ள, உள்ள இருந்தே திணிச்சிரலாம், கல்லு மாதிரி நிக்கும்" என்றான். மூத்தவர் சொன்னால் சரி என்று மாப்பிள்ளையும் திணித்தான். கல் மாதிரிதான் நின்றது. அதனால்தான் இந்தக் கதி.

"நான்தான் சரியா வெக்கலையோ மச்சான்?" என்றான் மாப்பிள்ளை. அவன் முகத்தில் இப்படி ஒரு தவிப்பைப் பல்லி பார்த்ததில்லை.

"உன் மேல தப்பு இல்ல" என்றான் பல்லி. மேலே சொல்லாமல் அந்தச் சிமெண்டை நகத்தால் சுரண்டினான்.

கீழே காவலாளி கத்துவது கேட்டது. வாசலுக்குக் குறுக்கே அவர் ஒரு கயிற்றைக் கட்டி, எல்லோரையும் பின்பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கண்ணில் கட்டு, மீதிப் பேருக்குக் கறுப்புக் கண்ணாடி. கயிறு இருப்பதே தெரியாமல் வந்து நெஞ்சில் இடித்துக்கொண்டு, பிறகு அதைத் தூக்கிப்பிடித்துக் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். "ஐயா, மேல கல்லு தொங்குது!" என்று அவர் அலறினால், "எங்க?" என்று அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. வானம் அடுப்புக்கரி நிறத்தில் இறங்கியிருந்தது. இந்தக் காற்றுக்கும் வரப்போகிற மழைக்கும் இந்தக் கல் தாங்குமா என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். மாப்பிள்ளை கயிற்றைக் கல்லின் இரண்டு பக்கமும் சுற்றி இறுக்கி, மறு முனையைத் தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டினான். இனிமேல் சிமெண்டை உளியால் உடைத்துக் கல்லை விடுவிக்க வேண்டும். விடுபட்ட நொடியில் அது எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் கேள்வி. ஒருவன் உள்ளிருந்து இழுக்க வேண்டும், இன்னொருவன் வெளியே நின்று தாங்கி உள்ளே தள்ள வேண்டும். பெயிண்ட் அடிக்கிறவர்கள் கட்டிய சாரம் அந்த மூலையில் அப்படியே இருந்தது. காற்றைப் பார்த்துவிட்டு அவர்கள் காலையிலேயே கம்பி நீட்டிவிட்டார்கள். சாரத்தில் இரண்டே பலகை. காற்றுக்கு அவை மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளை இடுப்புப் பெல்ட்டை எடுத்து மாட்டத் தொடங்கினான். "நீங்க உள்ள நில்லுங்க மச்சான்" என்றவன், கொக்கியைப் பார்த்தபடியே கேட்டான். "இன்னைக்கு என்ன, முட்டியா, பல்லா?"

அவன் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் பல்லியைக் குத்தியது. கிண்டல் இருந்திருந்தால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பான். ஆக, இவனுக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும். ஒவ்வொரு வலியையும் நம்பின மாதிரி தலையாட்டிவிட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறான். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடமும் மூடி மறைத்திருக்கிறான். பல்லிக்கு முகமெல்லாம் சுட்டது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது, காற்றில் கண் கலங்குவது மாதிரி துடைத்துக்கொண்டான்.

கல் சாய்ந்தால் வெளியே நிற்கிறவன் மேல்தான் சாயும். கயிறு தாங்கும் என்பதெல்லாம் தாங்கின பிறகு சொல்லிக்கொள்வது. எதிர்வீட்டு வாசல் அவன் கண் முன் வந்தது. இடுப்பில் குழந்தையோடு அவள் நிற்பாள். நீதானேண்ணே வெளியில என்று கேட்பாள். அந்த வாசலுக்குத் தான் மட்டும் தனியாகப் போய் நிற்பதை நினைக்கவே பயந்தான். இந்தப் பயத்துக்கு முன்னால் அந்த உயரத்துப் பயம் சின்னதாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் ஆகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

"குடு" என்று கையை நீட்டினான்.

"வேணாம் மச்சான். நான் பாத்துக்கறேன்."

"குடுடான்னா."

பெல்ட்டை மாட்டும்போது கொக்கி இரண்டு தடவை நழுவியது. மாப்பிள்ளை தானே மாட்டிவிட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தான். பல்லி செருப்பு இரண்டையும் கழற்றி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், காற்றுப் படாத இடமாகப் பார்த்து ஜோடியாக வைத்தான். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒரு காலை அந்தப் பக்கம் போட்டான். கால் பலகையைத் தேடியது. பலகை மேலே வந்து பாதத்தைத் தொட்டுவிட்டு மறுபடியும் இறங்கியது.

"கீழ பாக்காதீங்க" என்றான் மாப்பிள்ளை, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து. "என் மூஞ்சியப் பாருங்க. எப்படி இருக்கு?"

"சுமார்தான்" என்றான் பல்லி. குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"உங்க தங்கச்சியும் அதையேதான் சொல்றா."

இரண்டாவது காலும் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லை என்பது அவனுக்கு முதுகாலேயே தெரிந்தது. சட்டையைக் காற்று உப்பவைத்து இழுத்தது. ஒரு கையால் சாரக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையைக் கல்லின் விளிம்பில் வைத்தான். காலையில் கொஞ்ச நேரம் அடித்த வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது. மாப்பிள்ளை உளியை வைத்து அடித்தான். ஒவ்வொரு அடியும் கல் வழியாக வந்து அவன் பல்லில் முடிந்தது. முன்பு பொய்யாகச் சொன்ன பல்வலி நிஜமாகவே வந்துவிடும் போலிருந்தது. சிமெண்ட் பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சந்தான்" என்றான் மாப்பிள்ளை. அவனுக்கு அவசரம் வந்துவிட்டது என்று அடி விழுகிற வேகத்திலேயே தெரிந்தது.

"மெதுவா மாப்ள. மெதுவா."

கீழே காவலாளியின் விசில் நிற்காமல் ஊதியது. "அம்மா, அங்க நிக்காதீங்கம்மா! அட, கண்ணு தெரியாதவங்களக் கொண்டாந்து நடுவுல விட்டுட்டு எங்கய்யா போனீங்க!" என்ற குரல் கேட்டது. யாரோ ஒருத்தி நேர் கீழே நிற்கிறாள். பல்லி குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவள் பக்கத்தில் விழுந்து கிடக்கிற தன்னையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்போது கல் அசைந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை, தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பது மாதிரி ஒரு முனகல். உள்பக்க விளிம்பு கொஞ்சம் மேலே எழ, வெளிவிளிம்பு அவன் நெஞ்சை நோக்கி இறங்கி வந்தது. கயிறு விறைத்து முறுகியது. ஒரு கை போதாது என்று அவனுக்குத் தெரிந்தது. கம்பத்தைக் கட்டியிருந்த கையை எடுக்க வேண்டும். அந்தக் கை வர மறுத்தது. அதை அவன் கெஞ்சினான், திட்டினான், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டான்.

"மச்சான்!"

கை வந்தது. இரண்டு உள்ளங்கையும் நெஞ்சும் கல்லில் பதிந்தன. இப்போது அவன் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கல்தான் அவனைப் பிடித்திருந்தது. எதிரே, கல்லுக்கு அந்தப் பக்கம், நரம்பு புடைத்த கழுத்தோடு மாப்பிள்ளை கயிற்றை இழுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் அவன் கண்ணை விட்டு எடுக்காமல் இருந்தான். பல்லியும் எடுக்கவில்லை. தள்ளினான். கல் ஒரு விரலளவு உள்ளே போயிற்று. இன்னும் ஒரு விரலளவு.

கல் நகர்ந்த இடத்தில், மூலையில் சுவரின் தலை திறந்தது. இரண்டு அடுக்குக்கும் நடுவே இருட்டு, அதிலிருந்து ஈரமண் வாசனை எழுந்தது. கல்லோடு ஒட்டியிருந்த சிமெண்ட் கட்டி ஒன்று உடைந்து அந்த இருட்டுக்குள் விழுந்தது. மழையின் முதல் துளிகள் பல்லியின் பிடரியில் பட்டன. அவன் கையை எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. கட்டி அடியைத் தொடும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள்.