ஆறு வரை

அப்பாவுக்கு அன்று மாலை சென்னையில் இதய ஆபரேஷன். என் தம்பி எலியேசர் காலையில் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். எடுத்தவர் என் கணவர் கிளைவ். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கோபம்கூட அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். ஆறரைக்குத்தான் அப்பாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோவார்களாம், அதுவரை பார்க்கலாமாம் என்று வந்து சொன்னார்.

உள்ளே போகுமுன் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மைசூரிலிருந்து காரில் ஒன்பது மணி நேரம், இப்போதே கிளம்பலாம் என்றேன். நஞ்சன்கூடு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், கண் சொருகும் இந்த நிலையில் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றார். சாயங்கால விமானம் ஒன்றரை மணி நேரம்தான், ஆறேகாலுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருப்போம் என்று டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

விமானம் வேகம்தான். அதற்காகக் காத்திருக்கும் நேரத்தைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விஜயநகர் வீட்டில் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். இந்நேரம் கிருஷ்ணகிரி, இந்நேரம் ஆம்பூர் என்று மனசுக்குள் ஒரு கார் ஓடிக்கொண்டே இருந்தது. கிளைவ் குறட்டை விட்டுத் தூங்கினார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சென்னையில் இறங்கி, கிண்டி நெரிசலில் டாக்ஸி நின்றபோது, ஆறேகாலுக்கு வந்துவிடுவோம் என்று தம்பிக்கு ஸ்பீக்கரில் போன் செய்தேன்.

"என்னக்கா சொல்ற? ஆறு வரைன்னுதானே அத்தான்கிட்ட சொன்னேன்?"

கிளைவின் முகம் வெளுத்துவிட்டது. கன்னடத்தில் 'ஆறூவரெ' என்றால் ஆறரை. தம்பி தமிழில் சொன்னதை இவர் காது கன்னடத்தில் வாங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தி என்ன பிரயோசனம், காரில் வந்திருந்தால் இந்நேரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே என்று டிரைவர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது ஆறு தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது. ஆனால் வார்டு வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றிருந்தது. அதில் அப்பா, கண்களை மூடி, கை கூப்பியபடி. பக்கத்தில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வரத் தாமதமாகும் என்று தம்பி சொன்னதும், ஜெபம் பண்ணணும் என்று கண்ணை மூடியவர்தானாம். ஜெபத்தில் இருப்பவரை எப்படித் தள்ளிக்கொண்டு போவது?

"அப்பா" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து, "ஆமென்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூச்சிரைக்க வந்து மன்னிப்புக் கேட்ட கிளைவின் தோளை அப்பா தட்டிக் கொடுத்தார். நான் குனிந்து, எல்லாம் நடிப்பா என்று அவர் காதில் கேட்டேன்.

"மொதல்ல நடிப்புதான்மா" என்றார் மெதுவாக. "கொஞ்ச நேரத்துல நெஜமாவே பயம் வந்துருச்சு. அப்புறம் நிறுத்த முடியல."

நர்ஸ் ஸ்ட்ரெச்சரை நகர்த்தினாள். அப்பா என் கையை விடவில்லை.